நங்கூரத்தில் ஒரு கொழும்புப் பயணம்

கொழும்புக்குப் போய் வந்தவர்கள் கொழும்பைப் பற்றி எழுதுகிறார்கள். கறுவாத் தோட்டம், ரிக்‌ஷா வண்டி, தெருவிளக்கு என்று அவர்களுக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. நான் வலியதுறையைப் பற்றித்தான் எழுத முடியும். என் கொழும்புப் பயணத்தில் நான் அதிகமாகப் பார்த்த ஊர் அதுதான். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவை ஒட்டியிருக்கும் என் வீட்டிலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம். வெளிநாட்டுப் பயணம் என்றால் எங்காவது ஆரம்பிக்கத்தானே வேண்டும்.

என் அக்கா கோமதி கொழும்பில் வாழ்க்கைப்பட்டவள். அத்தானுக்கு அங்கே பலசரக்குக் கடை. அவர்களுடைய ஒரே மகள் வள்ளிக்குத் தை மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. திருநெல்வேலிப் பக்கத்து வழக்கப்படி, முகூர்த்தப் புடவை கொண்டுபோய்க் கொடுத்து, மாலை சூட்டி, பெண்ணைக் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வருகிறவன் தாய்மாமன். அக்காவுக்கு நான் ஒரே தம்பி. மாப்பிள்ளை இல்லாமல்கூட அவள் கல்யாணத்தை நடத்திவிடுவாள். நான் இல்லாமல் நடத்த மாட்டாள். கல்யாணமாகிக் கப்பலேறிய நாளிலிருந்து நான் அவளைப் பார்த்ததில்லை. எப்படியும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் திருவனந்தபுரத்துக்கு இரயில் வரவில்லை. கொல்லம் வரைக்கும் வந்து, அங்கேயே களைத்துப்போய் நின்றுகொண்டது. கொழும்பு போகிறவர்கள் மாட்டு வண்டியில் நாகர்கோவில் வழியாகத் திருநெல்வேலி போய், தூத்துக்குடியில் நீராவிக் கப்பல் ஏறுவார்கள். ஏறுவதற்கு முன்னால் வைத்தியச் சோதனை என்று ஒரு கொட்டகையில் உட்கார வைத்து நாக்கை நீட்டச் சொல்வார்களாம். நான் கணக்கெழுதிய ஜவுளிக்கடைக்கு வந்துபோகும் மீரான் சாயபுதான் அதற்கு மாற்று வழி சொன்னார். அவர் காயல்பட்டினத்து வியாபாரி. இங்கே கயிறு வாங்கிக் கொழும்புக்கு ஏற்றுகிறவர்.

"எதுக்குப் பிள்ளைவாள், மாட்டு வாலைப் பாத்துக்கிட்டு அம்புட்டுத் தூரம் போறீங்க? நம்ம கயிறு ஏத்துற தோணி வலியதுறையில நிக்குது. அதுல ஏறிக்கிடுங்க, நானும் வாறேன். காத்து மட்டும் இருந்தா மூணாம் நாளு கொழும்புல சாயா குடிக்கலாம்."

'காத்து மட்டும் இருந்தா' என்பதை அவர் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். நான் சாயாவை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன்.

புறப்பாட்டுக்கு நாள் குறித்தவர் என் மாமனார். பஞ்சாங்கம் பார்ப்பது அவருக்குத் தொழில் அல்ல, பொழுதுபோக்கு. ஆகவே தொழில்காரர்களைவிடக் கடுமையாகப் பார்ப்பார். அவர் குறித்த வேளையில் தோணிக்குச் சரக்கே முழுதாக ஏறியிருக்கவில்லை. இப்படிப்பட்ட சமயங்களுக்கென்று எங்களில் ஒரு உபாயம் உண்டு. நல்ல நேரத்தில் ஒரு மூட்டையை மட்டும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஆள் சாவகாசமாகப் பிறகு கிளம்பலாம். பரஸ்தானம் என்பார்கள். அதை நான் ஞாபகப்படுத்தினேன்.

"மூட்டைய வெச்சா நல்ல நேரம் மூட்டைக்குத்தான் மாப்பிள்ளை," என்றார் மாமனார். "கல்யாணச் சீருல்லா? நீங்களே போயிருங்க."

ஆகவே நானே மூட்டையானேன். விளக்கேற்றி, மேளம் வைத்து, தெருவே திரண்டு என்னை வலியதுறை வரைக்கும் கொண்டுவந்து விட்டது. முகூர்த்தப் புடவை தனிப் பெட்டியில் இருந்தது. முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து எல்லாம் தகர டின்களில். விளக்கின் முன்னால் வாசல் தாண்டிய சீர் மறுபடி வீட்டுப்படி ஏறக்கூடாது, கொண்டுபோகிறவனும் ஏறக்கூடாது, ஏறினால் அந்தக் கல்யாணம் விளங்காது என்பது எங்கள் குடும்பத்தில் கேள்விக்கு இடமில்லாத சட்டம். என் மனைவி ஆவுடை கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். எல்லோரும் அழுதுகொண்டிருந்த நேரத்தில் பக்கத்தில் வந்து, "தோணி இன்னைக்குக் கிளம்பலையாமே? நீங்க மட்டும்தான் கிளம்புதீயளா?" என்று கேட்டாள். வழியனுப்பும்போது கேட்கிற கேள்வியா அது என்று எனக்குக் கோபம் வந்தது.

வலியதுறையில் கப்பல் கரைக்கு வராது. திறந்த கடலில் தள்ளி நிற்கும். நாம்தான் வள்ளத்தில் அலை தாண்டிப் போகவேண்டும். வள்ளக்காரன் பத்ரோஸ் என்னை ஒரு கயிற்றுக் கட்டைப் போல நடுவில் இருத்தினான். "அண்ணாச்சி கண்ணடைச்சு இருந்தா மதி. முதல் திரை சாரமில்ல, ரெண்டாமத்ததும் சாரமில்ல. மூணாமத்தது கொஞ்சம் வலுது, கேட்டோ," என்றான். திரை என்றால் அலை, சாரமில்ல என்றால் பரவாயில்லை. மூன்றாவது அலை என் பட்டு வேட்டியின் மடிப்பையும் மாலையையும் நெற்றித் திருநீற்றையும் கொண்டுபோயிற்று. முறுக்கு டின் மட்டும் நனையாமல் என் தலைமேல் இருந்தது. கரையில் மேளக்காரர் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார்.

தோணியின் தலைவரைத் தண்டல் என்பார்கள். எங்கள் தண்டல் சந்தியாகு, தூத்துக்குடிக்காரர். கழுத்தில் ஜெபமாலை, இடுப்பில் புகையிலைப் பை. எதைக் கேட்டாலும் முதலில் பொன்முடி மலைப் பக்கம் மேகத்தைப் பார்ப்பார், பிறகு தண்ணீரைப் பார்ப்பார், பிறகு நம்மைப் பார்ப்பார்.

"எப்பக் கிளம்புதோம் தண்டல்?"

"நாளைக்கு."

இந்தப் பதிலை நான் அன்று முழுமையாக நம்பினேன். என் மொத்தப் பயணத்திலும் எனக்கு மிகவும் சந்தோஷமான நாள் அதுதான்.

படுக்கை கயிற்றுக் கட்டுகளின் மேல். உப்பங்கழித் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறிய தேங்காய் மட்டையிலிருந்து திரித்த கயிறு அது. அந்த வாடையோடு ஒரு இரவு படுத்தவனுக்கு அப்புறம் உலகத்தில் வேறு எதுவும் நாறாது. குடிக்கிற தண்ணீர் பீப்பாயிலிருந்து வரும். அதில் தாரும் மரமும் இரும்பும் தனித்தனியாக ருசிக்கும். காலைக்கடனுக்குத் தோணியின் பின்பக்கம் இரண்டு பலகைகளை வெளியே நீட்டிக் கட்டியிருந்தார்கள். அங்கே உட்கார்ந்தால் எதிரே பத்மநாப சுவாமி கோயில் கோபுரம் தெரியும். முகத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்ற குழப்பம் எனக்குக் கடைசி வரைக்கும் தீரவில்லை.

நான் சைவம். இதைச் சமையல்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். பண்டாரி என்று எல்லோரும் கூப்பிடும் அந்த மனிதர் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார். மத்தியானம் எனக்கென்று தனிச் சட்டியில் குழம்பு வந்தது. பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்: எல்லோருக்கும் மீன் குழம்பு வைத்து, அதில் மீனை எடுத்துவிட்டால் அது பிள்ளைவாளுக்கான குழம்பு. இனிமேல் வெறும் சோறும் உப்பும் போதும் என்றேன். சோற்றைப் போட்ட கரண்டி குழம்புச் சட்டியிலிருந்து நேராக வந்தது.

"கரண்டி என்னய்யா பண்ணும், அது அங்கயும் இங்கயும் போகத்தான் செய்யும்," என்றார் பண்டாரி.

நங்கூரம் போட்டு நிற்கிற தோணி ஓடுகிற தோணியைவிட அதிகமாக ஆடும் என்பதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஓடாத வாகனத்தில் உட்கார்ந்து, சொந்த ஊரைப் பார்த்துக்கொண்டே வாந்தி எடுத்தேன். சாலைக் கடைத்தெருவில் வண்டி நின்றுவிட்டால் மாட்டை அவிழ்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். இங்கே நின்ற பிறகுதான் வண்டியே ஆட ஆரம்பித்தது.

மறுநாள் பத்ரோஸ் கட்டுமரத்தில் ஒரு தூக்குச்சட்டியோடு வந்தான். தயிர்ச்சோறும் நார்த்தங்காயும். வீட்டுப்படி ஏறக்கூடாது என்றுதானே சட்டம், வீட்டுச் சோறு கடலில் இறங்கக்கூடாது என்று இல்லையே. ஆவுடை செய்தியும் அனுப்பியிருந்தாள்.

"வீட்டில அம்மா கேக்கச் சொல்லி, கொழும்பில மழை உண்டோன்னு," என்றான் பத்ரோஸ், சிரிக்காமல்.

அதற்கடுத்த நாள், கொழும்புச் சாப்பாடு உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டிருந்தாள். அதற்கடுத்த நாள், இலங்கையில் தேங்காய் எண்ணெய்ச் சமையலாமே, தலைக்குத் தேய்க்காமல் இருந்துவிடாதீர்கள் என்று சொல்லியனுப்பினாள். நான் பதில் அனுப்பவில்லை. பதில் சொன்னால் கரையில் இருக்கிற எல்லா வள்ளக்காரர்களுக்கும் அது தெரிந்துவிடும். அவர்களுக்கு ஏற்கனவே என்னால் பொழுது நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

"இறங்கி வண்டி பிடித்துத் தூத்துக்குடிக்குப் போயிருக்கலாமே?" என்று பின்னால் என்னைக் கேட்காதவர்கள் இல்லை. 'நாளைக்கு' என்ற சொல்லோடு சேர்ந்து குடித்தனம் நடத்தியவர்களுக்கு இது புரியும். நான் இறங்கிய மறுநிமிஷம் காற்று வந்துவிட்டால்? புடவைப் பெட்டியோடு நான் நாகர்கோவில் சாலையில் குலுங்கிக்கொண்டிருக்க, தோணி கொழும்பில் போய் நின்றால்? தினமும் காலையில் இறங்கிவிடுவது என்று தீர்மானிப்பேன். தினமும் தண்டல் மேகத்தைப் பார்த்துவிட்டு 'நாளைக்கு' என்பார்.

தாமதத்துக்குக் காற்று மட்டும் காரணமல்ல என்பது மெல்லத்தான் எனக்கு விளங்கியது. சரக்கு ஏறி முடிந்த அன்று நானும் சாயபுவும் தண்டலுமாக மூன்று பேரும் உட்கார்ந்து புறப்பட ஒரு நாள் பார்த்தோம். கொழும்பு எங்களுக்குத் தென்கிழக்கு. தெற்கு என்று வைத்துக்கொண்டால் வியாழக்கிழமை சூலம். கிழக்கு என்று வைத்துக்கொண்டால் திங்களும் சனியும் சூலம். எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றையும் விலக்கினேன். செவ்வாய்க்கிழமை நல்ல காரியத்துக்கு யாரும் கிளம்புவதில்லை. சாயபு தயங்கித் தயங்கி, எங்களில் இது சபர் மாதம், புதன்கிழமை ஆகாது, அது மட்டும் வேண்டாம் என்றார். தண்டல், வெள்ளிக்கிழமை ஆண்டவர் பாடுபட்ட நாள், அன்றைக்குப் பாய் ஏற்றுவதில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை காணாமல் ஆட்கள் வேலைக்கு வரமாட்டார்கள். விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம். கிழமைகள் தீர்ந்துவிட்டன.

இதில் வேடிக்கை என்னவென்றால், மூன்று பேரில் ஒருவரும் பிடிவாதக்காரர் இல்லை. அவரவர் நாளை விட்டுக்கொடுக்க அவரவர் தயாராக இருந்தோம். மற்ற இருவரும்தான் விடவில்லை. "செவ்வாயானா என்ன, போவோம்," என்று நான் சொன்னால், "அதெப்படி பிள்ளைவாள், கல்யாணக் காரியம்," என்று சாயபு காதைப் பொத்திக்கொள்வார். "புதனுக்கே வெச்சுக்கிடுவோம்," என்று சாயபு சொன்னால் தண்டல் ஜெபமாலையைத் தொட்டுக்கொண்டு, "நம்மளால ஒருத்தர் மார்க்கத்துக்குப் பங்கம் வரப்பிடாது," என்பார். இவ்வளவு மரியாதை தெரிந்த மனிதர்களோடு நான் அதற்கு முன்பும் பிறகும் பழகியதில்லை. அந்த மரியாதையில் மாட்டிக்கொண்டு தோணி நின்ற இடத்திலேயே நின்றது.

ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் வாடைக் காற்று எழுந்தது. வடக்கிலிருந்து, நாங்கள் போகிற திசைக்கு வாகாக, நிதானமாக வீசியது. ஆட்கள் சொல்லாமலே பாய்க்கயிற்றில் கை வைத்துவிட்டார்கள். தண்டல் சிலுவை போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வியாழனாச்சே பிள்ளைவாள். தெக்க சூலம்னீங்களே?"

"பரவாயில்லை, எடுங்க," என்றேன். நிஜமாகவே சொன்னேன். அக்கா முகம் மட்டும்தான் அப்போது எனக்குள் இருந்தது.

"அப்படி ஒரேயடியாச் சொல்லப்பிடாது," என்று சாயபு குறுக்கே வந்தார். "எதுக்கும் ஒரு பரிகாரம் இருக்கும்ல? அதைப் பண்ணிட்டுப் போவோம்."

இருக்கிறது. வியாழக்கிழமை சூலத்துக்கு எண்ணெய் பரிகாரம். உள்ளங்கையளவு எண்ணெய் உட்கொண்டு கிளம்பினால் தோஷம் இல்லை. இதை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். பண்டாரி ஆசையோடு ஒரு கிண்ணத்தில் எண்ணெய் கொண்டுவந்தார். தோணிப் பலகைக்குப் பூசுகிற சுறா எண்ணெய். அந்தத் தோணியில் வேறு எண்ணெய் கிடையாது. நான் சைவம் என்பது அப்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

"வேண்டாம்! பிள்ளைவாளுக்கு அதைக் குடுக்காதே!" என்று சாயபுதான் முதலில் கத்தினார்.

"தண்டல், கிளம்புங்க. எனக்குப் பரிகாரமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்," என்று நான் கிட்டத்தட்டக் கெஞ்சினேன். தண்டல் கேட்கவில்லை. "ஒங்க அக்கா மக கல்யாணத்துக்குச் சூலத்துல கூட்டிட்டுப் போயி, நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா என் தலையில விடியும்," என்றார். பத்ரோஸைக் கூப்பிட்டார்கள். அவன் கட்டுமரத்தில் கரைக்குப் போய், அங்கிருந்து சாலைக் கடைத்தெருவுக்கு ஓடி, என் வீட்டுக் கதவைத் தட்டி நல்லெண்ணெய் கேட்டான். ஆவுடை ஒரு படி எண்ணெய் கொடுத்தனுப்பினாள். கொழும்பில் எண்ணெய்க்குமா பஞ்சம் என்று கேட்டாளாம்.

பத்ரோஸ் வந்து சேர்ந்தபோது வாடை நின்று, கிழக்கிலிருந்து கொண்டல் எழும்பியிருந்தது. கொண்டல் என்பது நாங்கள் போகவேண்டிய திசையிலிருந்து எங்கள் முகத்தில் அடிக்கிற காற்று. நான் நல்லெண்ணெயைக் குடித்தேன். சூலம் நீங்கிவிட்டது. தோணி நகரவில்லை.

அதன் பிறகு கொண்டல் விடவே இல்லை. எதிரே கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து தோணிகள் பாய் புடைக்க வந்துகொண்டே இருந்தன. எங்களை நிறுத்தி வைத்திருந்த அதே காற்றுதான் கொழும்பிலிருந்து வருகிறவர்களைத் தள்ளிக்கொண்டு வந்தது. வருகிறவர்கள் எங்களைப் பார்த்துக் கையை வீசினார்கள். நாங்களும் வீசினோம். வேறு வேலை இல்லை.

சீர் டின்களை முதலில் திறந்தது எறும்பு. பிறகு நான். ஆவுடையின் தூக்குச்சட்டி அலையில் கவிழ்ந்த ஒரு நாள், பசி தாங்காமல் நாலு முறுக்கு எடுத்தேன். மறுநாள் சாயபுவுக்கு இரண்டு கொடுக்காமல் தின்பது முறையாகப் படவில்லை. சாயபுவுக்குக் கொடுத்துவிட்டுத் தண்டலுக்குக் கொடுக்காமல் இருக்க முடியுமா? பண்டாரிக்கு முந்திரிக்கொத்து அவ்வளவு பிடிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "பாசிப்பயறா இது!" என்று ஒவ்வொரு உருண்டைக்கும் ஆச்சரியப்பட்டார். தாய்மாமன் சீர் இப்படியாக வலியதுறையிலேயே விநியோகமாயிற்று. புடவைப் பெட்டியை மட்டும் நான் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

முகூர்த்த நாளும் வந்தது. அது வராது என்று நான் ஏன் நினைத்தேனோ தெரியாது. விடிவதற்கு முன் கடல் தண்ணீரில் குளித்து, பட்டு வேட்டி கட்டிக்கொண்டேன். புடவைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாயபுதான் தன் சட்டைப்பைக் கடியாரத்தைப் பார்த்து, "நேரம் ஆகுதே பிள்ளைவாள்," என்றார். பண்டாரி அரிசியில் மஞ்சள் பிசைந்து ஒரு தட்டில் கொண்டுவந்தார். அவரிடம் மஞ்சள் தாராளமாக இருந்தது, மீனுக்குப் போடுகிற மஞ்சள். ஆட்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். தண்டல் தலைத்துணியைக் கழற்றினார். தென்கிழக்கே பார்த்து, கொழும்பு இருக்கும் என்று அவர் கை நீட்டிய பக்கம், எல்லோரும் சேர்ந்து அட்சதை போட்டோம். யாரோ தகரத்தில் கெட்டிமேளம் தட்டினான். எதிர்காற்றல்லவா, அரிசியில் பாதி எங்கள் மேலேயே வந்து விழுந்தது. நான் சிரித்தேன். சிரிப்பு எங்கேயோ மாறி அழுகையாகிவிட்டது. எல்லோரும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று பத்ரோஸ் கொண்டுவந்த சட்டியில் பால் பாயசம் இருந்தது. செய்தி ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். "ஒண்ணும் பறயல்ல அண்ணாச்சி. அம்மா கரஞ்ஞுகிட்டிருந்து," என்றான். அவள் அழுவாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

சில நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, கொழும்பிலிருந்து வந்த தோணி ஒன்று எங்களுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டது. அதன் தண்டலும் எங்கள் தண்டலும் ஒரே தெருக்காரர்கள். வெற்றிலை போட அவர் இங்கே வந்தார். கூடவே அவர் தோணியில் வந்த பயணி ஒருவரும் வந்தார். நாகர்கோவில்காரர், கொழும்பில் ஒரு கடையில் வேலை, லீவில் ஊருக்குப் போகிறார். நல்ல பேச்சுக்காரர். கக்கத்தில் ஒரு துணிமூட்டை வைத்திருந்தார். நாங்கள் யார், எங்கே போகிறோம் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. அவருக்குச் சொல்லவேண்டியது நிறைய இருந்தது.

"கிளம்புகதுக்கு முந்தி ஒரு கல்யாணம் பாத்துக்கிடுங்க," என்றார். "நம்ம பக்கத்து ஆளுகதான், பலசரக்குக் கடை. எல்லாம் ஜோரா நடந்துது. ஆனா பொண்ணுக்குத் தாய்மாமன் வரல்ல. திருவனந்தோரத்துல பெரிய ஆளாம். கப்பலேறிட்டான், கப்பலேறிட்டான்னு பொண்ணுக்கு அம்மா சொல்லிட்டே இருந்தா. முகூர்த்தம் நெருங்கிட்டு. பொண்ணக் கையப் பிடிச்சு மணவறைக்கு யாரு கூட்டியாருறது? பங்காளி ஒருத்தர் நான் வாறேன்னாரு. அந்தம்மா விடல்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சாயபுதான், "பொறவு?" என்று கேட்டார்.

"பொறவென்ன, பெரியவங்க ஒரு வழி சொன்னாவ. மணைப்பலகையப் போட்டு, அதுமேல ஒரு தேங்காய வெச்சு, மஞ்சளப் பூசி, மாமனுக்குள்ள மாலைய அதுக்குப் போட்டாச்சு. பொண்ணு அந்தத் தேங்காயக் கையில ஏந்திக்கிட்டு நடந்து வந்து மணவறையில உக்காந்துட்டு. ஒரே சிரிப்பு. மாப்பிள்ளைக்கு அண்ணன், 'மாமன் நல்ல மனுசன், வாயே தொறக்க மாட்டாரு'ன்னான். பந்தலே சிரிச்சுது."

அவரும் சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்துக் குரலைத் தணித்தார்.

"அந்தம்மா சிரிக்கல்ல பாத்துக்கிடுங்க. மாலை போட்டதும் அந்தத் தேங்காய்க்கு முன்னால வந்து நின்னா. 'வந்துட்டியாலே'ன்னு கேட்டா."

தண்டல் கடலைப் பார்த்தார். சாயபு வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். அந்த மனிதர் கக்கத்து மூட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"இது மாமனுக்குள்ள வேட்டி துண்டு. தேங்காய் எங்க கட்டுகது? அதான் எங்கிட்டக் குடுத்துவிட்டா. சாலைக் கடைத்தெருவுக்குப் பக்கத்துல வீடாம். ஒங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

எனக்குத் தெரியும். எந்தச் சந்தில் திரும்பவேண்டும், வாசலில் என்ன மரம், கதவை யார் திறப்பார்கள் என்பதெல்லாம் தெரியும். இறங்கிப் போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு மூட்டைக்காகக் கையை நீட்டினேன்.

"குடுங்க," என்றேன். "அந்தத் தேங்காய் நான்தான்."

அவர் என் முகத்தையும், பக்கத்தில் இருந்தவர்கள் முகத்தையும் பார்த்தார். மூட்டையை இரண்டு கையாலும் கொடுத்தார். பிறகு, யாரோ திட்டுவார்கள் என்று பயந்தவர் மாதிரி வேகமாகச் சொன்னார்:

"அதை ஒடைக்க விடல்ல அண்ணாச்சி அவ. எல்லாம் முடிஞ்ச பொறவும் ஒடைக்க விடல்ல. சாமி முன்னால வெச்சிருக்கா. தம்பி வந்து ஒடைப்பான்னு சொல்லிட்டா."

காலையிலிருந்தே கொண்டல் தளர்ந்துகொண்டிருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே வடக்கிலிருந்து வாடை தொட்டு, தோணி நங்கூரத்தில் மெல்லத் திரும்பியது. தண்டல் எழுந்து நின்றார். மேகத்தையும் பார்க்கவில்லை, தண்ணீரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"தண்டல், இன்னைக்கு வெள்ளிக்கிழமை," என்றேன்.

"தெரியும் பிள்ளைவாள்," என்றார். சிலுவை போட்டுக்கொண்டார். "ஏலே, நங்கூரத்தை எடுங்கலே!"

வந்தவர்கள் இருவரும் அவசரமாகத் தங்கள் வள்ளத்தில் இறங்கினார்கள். பாய் ஏறியது. நான் அக்கா அனுப்பிய வேட்டியை மாற்றிக் கட்டிக்கொண்டு தோணியின் முன்பக்கம், அணியத்தில் போய் நின்றேன். எதிரே கடலைத் தவிர ஒன்றும் இல்லை. இருந்தாலும் எல்லோர் காதிலும் விழும்படி, "வாறேன் அக்கா," என்று சத்தம் போட்டுச் சொன்னேன்.